‘எப்படி டீச்சர்?’ என்று கேட்கும் பிள்ளைக்கு: ‘கன்னி மரியாவிடமிருந்து பிறந்தார்’ என்ற வரியைச் சொல்லிக்கொடுக்கும் விதம்

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுப்பவர்கள் டிசம்பர் முதல் ஞாயிறன்று கொஞ்சம் பயந்துகொண்டுதான் போவார்கள். எல்லாம் பூசையில் நாம் சேர்ந்து சொல்கிற நம்பிக்கை அறிக்கையில் இருக்கும் அந்த ஒரு வரியால். ‘தூய ஆவியால் கருவுற்று, கன்னி மரியாவிடமிருந்து பிறந்தார்.’ புதுநன்மை (முதல் நற்கருணை) எடுத்த பிள்ளைகள் அதை மூச்சுவிடாமல் ஒப்பித்துவிடுவார்கள். எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்து அறிவியல் புத்தகம் வளரிளம் பருவத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்திருக்கும். பின்பெஞ்சில் ஒரு கை மெல்ல உயரும். ‘எப்படி டீச்சர்?’

திசையன்விளைக்கும் உவரிக்கும் நடுவே, பனையும் தேரி மண்ணுமாக இருக்கிற ஒரு கிராமம் எங்களுடையது. அப்பா உபதேசியார், கோயிலில் மறைக்கல்வி சொல்லிக்கொடுத்தவர். நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வராந்தாவில் வகுப்பு எடுக்க ஆரம்பித்து 31 வருடம் ஆகிறது. அந்தக் கேள்விக்கு நான் சொன்ன தப்பான பதில்களும் அதற்குள் அடக்கம். புதிதாக வகுப்பு எடுக்க வருகிறவர்களுக்கும், வீட்டில் பிள்ளை கேட்டால் ‘போய் சிஸ்டர்ட்ட கேளு’ என்று தள்ளிவிடுகிற அம்மாமார்களுக்கும் இதை எழுதுகிறேன்.

முதல் வேலை, கரும்பலகையின் நடுவில் ஒரு கோடு போடுவது. இடது பக்கம் ‘அமல உற்பவம்’, வலது பக்கம் ‘கன்னியிடம் பிறப்பு’. இந்த இரண்டையும் குழப்பாத ஆளை எங்கள் ஊரில் நான் அதிகம் பார்த்ததில்லை. டிசம்பர் 8 அமல உற்பவ மாதா திருநாள், டிசம்பர் 25 கிறிஸ்துமஸ். இரண்டும் அடுத்தடுத்து வருவதால், அமல உற்பவம் என்றால் மாதா இயேசுவைக் கருத்தரித்தது என்றே பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது இல்லை. மரியா தம் தாய் அன்னம்மாள் வயிற்றில் கருவான நொடியிலிருந்தே சென்மப் பாவம், அதாவது ஆதாமிலிருந்து எல்லாருக்கும் பிறப்போடு வருகிற பாவம், தீண்டாதவராக இருந்தார் என்பதுதான் அமல உற்பவம். மரியாவுக்கு எல்லாரையும்போல அப்பாவும் உண்டு, அம்மாவும் உண்டு. திருச்சபை இதை விசுவாசக் கோட்பாடாக அறிவித்தது 1854இல், ஒன்பதாம் பயஸ் பாப்பரசர் காலத்தில். எங்கள் ஆச்சி அவரைப் பத்திநாதர் என்பாள். வலது பக்கம் இருப்பதோ திருச்சபை தொடங்கிய காலத்திலிருந்து வருவது. 381இல் ஆயர்கள் கூடிய கான்ஸ்டாண்டிநோபிள் சங்கம் தந்த நம்பிக்கை அறிக்கையிலும் அது இருக்கிறது. ஊருக்கு ஊர் இருக்கிற லூர்து மாதா கெபியில் (குகைக் கோயிலில்) ‘நாமே அமல உற்பவம்’ என்று எழுதியிருக்கிறதே, அது இடது பக்கத்துச் சங்கதி. இதைச் சொன்னதும் பிள்ளைகள் எழுந்து கெபியை எட்டிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

அடுத்ததுதான் முக்கியம். பேச்சைக் குழந்தையிலிருந்து ஆரம்பியுங்கள், அம்மாவிலிருந்து ஆரம்பிக்காதீர்கள்.

நான் முதல் பத்து வருடம் அம்மாவிலிருந்து ஆரம்பித்தேன். மரியா எவ்வளவு தூய்மையானவர், லீலி மலர் போன்றவர், உலக ஆசை அண்டாதவர் என்று அடுக்கினேன். ஒரு வருடம் பேச்சு வேகத்தில், ‘அசுத்தம் எதுவும் படாமல் இயேசுவைப் பெற்றார்’ என்று சொல்லிவிட்டேன். முன்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை, எண்ணெய் வைத்து இரட்டைச் சடை பின்னியவள், ரொம்ப சாதாரணமாகக் கேட்டாள்: ‘அப்போ எங்க அம்மா அசுத்தமா டீச்சர்?’

சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவள் அம்மா ஐந்து பெற்றவள். விடியுமுன் எழுந்து அடுப்பில் கருப்பட்டிப் பாகைக் கிண்டி, அச்சில் ஊற்றி முடித்துவிட்டுத்தான் பூசைக்கு வருவாள். திருமணத்தைத் திருச்சபை ஏழு அருட்சாதனங்களில் ஒன்றாக வைத்திருக்கிறது. நான் என் வாயால் அதைக் கீழே இறக்கியிருந்தேன். ‘இல்லம்மா, டீச்சர் தப்பாச் சொல்லிட்டேன்’ என்று அங்கேயே சொன்னேன். அடுத்த ஞாயிறு பாடத்தை மறுபடி எடுத்தேன். கன்னியிடம் பிறந்தார் என்ற நம்பிக்கைக்கும், தாம்பத்தியம் அழுக்கு என்ற எண்ணத்துக்கும் சம்பந்தமே இல்லை. மரியாவைப் பற்றித் திருச்சபை நம்புகிற ஒவ்வொன்றும் கிறிஸ்துவைப் பற்றி அது நம்புவதிலிருந்து வருகிறது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, ‘இந்தப் பிள்ளை எங்கிருந்து வந்தார்?’ என்பது.

இதற்கு என் கையில் இருக்கிற கருவி குடில்தான். கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் முன்னாலேயே வகுப்புப் பிள்ளைகளை வைத்துக் குடில் கட்டுவேன். பனை ஓலைக் கூரை, கீழே சலித்த தேரி மண், தகரத் தட்டில் முளைவிட்ட நெல் நாற்று. ஆடு, மாடு, இடையர், மாதா, அவர் கணவர் சூசையப்பர் (பைபிளில் யோசேப்பு) எல்லாரையும் வைத்தாகிவிடும். நடுவில் தீவனத் தொட்டி மட்டும் காலி. பாலன் சொரூபம் சாமியார் அறை அலமாரியில் துணி சுற்றி இருக்கும். நடுச்சாமப் பூசையில்தான் வரும். அந்தக் காலித் தொட்டியைக் காட்டிக் கேட்பேன்: ‘இங்க இருக்கிற யாராலயாவது இந்தப் பிள்ளையைக் கொண்டுவர முடியுமா?’ மாட்டால் முடியாது என்று ஒருவன் ஆரம்பிப்பான், சிரிப்பார்கள். கடைசியில் ‘மேல இருந்துதான் வரணும்’ என்று யாராவது சொல்வார்கள். அதற்குமேல் நான் சேர்ப்பது ஒன்றிரண்டு வாக்கியம்தான். மனித முயற்சி, மனிதத் திட்டம், குலம் தழைக்க வேண்டும் என்ற ஆசை, இதில் எதிலிருந்தும் மீட்பர் வரவில்லை. கடவுள் தாமாக முன்வந்து தந்தார். கன்னி என்ற சொல் அதற்கான அடையாளம்.

இரண்டாம் நூற்றாண்டில் லியோன் நகரத்து ஆயர் இரேனியு ஒரு ஒப்புமை சொன்னார். இன்னும் யாரும் உழாத, கன்னித்தன்மை மாறாத மண்ணிலிருந்து கடவுள் ஆதாமை உருவாக்கினார். அதேபோல் புது ஆதாமைக் கன்னியிடமிருந்து உருவாக்கினார் என்று. குடிலில் கிடக்கிற செம்மண்ணில் ஒரு கை அள்ளி மேசையில் கொட்டிவிட்டு இதைச் சொன்னால், எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வேறு விளக்கம் தேவைப்படாது. ஏர் படாத மண் என்றால் என்ன என்று அவர்களுக்குத் தெரியும்.

அப்புறம் லூக்கா நற்செய்தி, முதல் அதிகாரம், 26 முதல் 38 வரை. நீங்கள் வாசிக்காதீர்கள். ஒருவனை வானதூதராகவும் ஒருத்தியை மரியாவாகவும் நிறுத்தி வாசிக்க வையுங்கள். ‘இது எப்படி நிகழும்? நான் கன்னி ஆயிற்றே!’ என்ற இடம் வந்ததும் நிறுத்துங்கள். பின்பெஞ்சுக் கேள்வியை முதலில் கேட்டது மரியாவேதான் என்று காட்டுங்கள். வகுப்பில் ஒரு பாரம் இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். கேட்டவனைத் ‘தெய்வ காரியத்துல இப்படியா கேக்குறது’ என்று அதட்டுகிற பழக்கம் நம் பெரியவர்களிடம் உண்டு. வானதூதர் மரியாவை அதட்டவில்லை. பதில் சொன்னார்.

அந்தப் பதிலில் ‘உன்னத கடவுளின் வல்லமை உம்மேல் நிழலிடும்’ என்று வருகிறது. இந்த ‘நிழலிடும்’ என்ற சொல்லில் நன்றாக நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். விடுதலைப் பயணம் 40ஆம் அதிகாரத்தில் சந்திப்புக் கூடாரத்தின்மேல் மேகம் வந்து தங்கும், ஆண்டவரின் மாட்சி உள்ளே நிறையும். அந்த மேகம் தங்கியதற்குக் கிரேக்க மொழிபெயர்ப்பில் இருக்கிற வினைச்சொல்லையே லூக்கா இங்கே எடுத்தாளுகிறார். ஆக மரியா புதிய கூடாரம். இங்கே ஆண், பெண் உறவைப் போன்ற எதுவும் சொல்லப்படவில்லை. தூய ஆவியார் மரியாவின் பிள்ளைக்குத் தகப்பன் அல்ல. ஒன்றுமில்லாமையிலிருந்து உலகைப் படைத்த வல்லமை இங்கே மறுபடி வேலை செய்கிறது, அவ்வளவுதான்.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ‘குந்தி மாதிரியா டீச்சர்?’ என்று யாராவது கேட்பார்கள். டிவியில் மகாபாரதம் பார்த்த பிள்ளைகள். இந்துப் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் படிக்கிறவர்கள். கேள்வியைக் கிண்டல் செய்யாதீர்கள், பாரதக் கதையையும் கிண்டல் செய்யாதீர்கள். வித்தியாசத்தைக் காட்டினால் போதும். குந்தி மந்திரம் சொல்லிச் சூரியனை அழைத்தாள். சூரியன் கர்ணனுக்குத் தகப்பன். ஊருக்குப் பயந்து அவள் குழந்தையைப் பேழையில் வைத்து ஆற்றில் விட்டாள். மரியா யாரையும் அழைக்கவில்லை. அவரிடம் கேட்கப்பட்டது, அவர் ‘உம் சொற்படியே எனக்கு நிகழட்டும்’ என்றார். குழந்தையைக் கடைசிவரை, சிலுவையடி வரைக்கும் விடவில்லை.

அறிவியல் கேள்விக்கு ஒரு எச்சரிக்கை. ஆண் துணையில்லாமல் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கிற பல்லி இனங்கள் இருக்கின்றன, உயிரியலில் அதற்குக் கன்னி இனப்பெருக்கம் என்றே பெயர் என்று எங்கேயாவது படித்துவிட்டு, ‘பாத்தியா, இயற்கையிலயே நடக்குது’ என்று சொல்லாதீர்கள். நான் சொன்னேன். மறுவாரம் ஒருவன் வந்து, ‘டீச்சர், தாயோட குரோமோசோம் மட்டும் இருந்தா பொம்பளப் பிள்ளைதான பொறக்கும்?’ என்று கேட்டான். அவன் சொன்னது சரி. அதைவிடப் பெரிய தப்பு, திருச்சபை சொல்லாத ஒன்றை நான் சொன்னது. இது இயற்கையில் அபூர்வமாக நடக்கிற ஒன்று என்று திருச்சபை சொல்லவில்லை. கடவுள் செய்த அற்புதம், ஒரே ஒரு தடவை நடந்தது என்கிறது. சோதனைக்கூடத்தில் நிரூபிக்க முடியாது, அதை ஒத்துக்கொள்ளுங்கள். நழுவுகிற டீச்சரைத்தான் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள்.

சூசையப்பரை விட்டுவிடாதீர்கள். பாவம், அவரை எல்லாரும் குடிலில் ஓரமாக நிறுத்திவிட்டுப் போய்விடுகிறோம். மத்தேயு இந்த நிகழ்ச்சியை முழுக்க அவர் பக்கமிருந்துதான் சொல்கிறார். மரியாவும் சூசையப்பரும் மண ஒப்பந்தம் ஆனவர்கள், கூடி வாழவில்லை. நம் பிள்ளைகள் இதை நிச்சயதார்த்தம் என்று எடுத்துக்கொள்வார்கள். கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசித்த பிறகுகூட நம் ஊரில் கல்யாணம் நின்றுபோவதுண்டு, பெரியவர்கள் உட்கார்ந்து பேசி முடித்துக்கொள்வார்கள். யூதர்களிடம் அப்படி இல்லை. ஒப்பந்தம் ஆகிவிட்டாலே சட்டப்படி மனைவி; விலக்க வேண்டுமென்றால் விலக்குச் சீட்டு வேண்டும். அந்த நிலையில் உள்ள பெண் வேறொருவனால் கருவுற்றால் கல்லெறிந்து கொல்லலாம் என்று இணைச்சட்டம் 22ஆம் அதிகாரம் சொல்கிறது. சூசையப்பர் நேர்மையாளர், மரியாவை அவமானப்படுத்த விரும்பாமல் மறைவாக விலக்கிவிட நினைத்தார். கனவுக்குப் பிறகு ஏற்றுக்கொண்டார், பிள்ளைக்கு ‘இயேசு’ என்று பெயர் வைத்தார். பெயர் வைத்தது சாதாரணச் சடங்கு அல்ல. நம் கோயில் திருமுழுக்குப் பதிவேட்டில் தகப்பன் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறதல்லவா? சூசையப்பர் தம் பெயரை அந்தக் கட்டத்தில் எழுதக் கொடுத்தார். அதனால்தான் இயேசு தாவீதின் மகன் ஆனார். மத்தேயுவின் தலைமுறைப் பட்டியலை வாசித்துப் பாருங்கள். இன்னாரின் மகன் இன்னார் என்று வரிசையாக வந்து, சூசையப்பரிடம் வந்ததும் மட்டும் வாக்கியம் மாறி, மரியாவின் கணவர் என்றும், அந்த மரியாவிடம் பிறந்தவரே இயேசு என்றும் போகும். வீரமாமுனிவர் இந்த மௌனமான மனிதரைக் காப்பியத் தலைவராக்கி ‘வளன்’ என்று பெயர் சூட்டி 3615 பாட்டுப் பாடினார். தமிழ் டீச்சர் யாராவது இருந்தால் இங்கே பத்து நிமிடம் எடுத்துக்கொள்ளலாம்.

இனி வருவது எங்கள் பக்கத்துக்கே உரிய சிக்கல். இடையன்குடி எங்களுக்குப் பக்கம்தான், கால்டுவெல் 1841இல் வந்து குடியேறிய ஊர். ஆர்.சி.யும் (கத்தோலிக்கர்) சி.எஸ்.ஐ.யும் (புராட்டஸ்டண்ட் சபையார்) பெண் கொடுத்து எடுத்து, பாதி வகுப்புக்கு அந்தப் பக்கம் சொந்தக்காரர்கள் உண்டு. கிறிஸ்துமஸ் லீவில் பெரியம்மா வீட்டுக்குப் போய் வருகிற பிள்ளை, ‘பைபிள்ல இயேசுவோட சகோதரர்னு போட்டிருக்காமே’ என்று வந்து நிற்கும். முதலில் ஒற்றுமையைச் சொல்லுங்கள். ‘கன்னிமரியாளிடத்தில்’ பிறந்தார் என்று அவர்களும் ஒவ்வொரு ஆராதனையிலும் சொல்கிறார்கள். பிறப்பு வரை நமக்குள் சண்டை இல்லை. (அது இஸ்லாத்திலும் உண்டு. என்னோடு வேலை பார்த்த மேலப்பாளையத்து டீச்சர், குர்ஆனில் மர்யம் பெயரில் ஒரு அத்தியாயமே இருக்கிறது, ஈசா நபி தகப்பனில்லாமல் பிறந்தார் என்றுதான் நாங்களும் நம்புகிறோம் என்றார். ஆனால் அவர்களுக்கு அவர் இறைமகன் அல்ல. இதிலிருந்து நான் ஒன்று கற்றுக்கொண்டேன்: கன்னியிடம் பிறந்ததால் இயேசு இறைமகன் ஆகவில்லை. இறைமகனாக என்றைக்கும் இருந்தவர் கன்னியிடம் பிறந்தார்.)

வேறுபாடு பிறப்புக்குப் பிறகுதான். மரியா என்றும் கன்னி என்று கத்தோலிக்கத் திருச்சபை நம்புகிறது. 553இல் கூடிய இரண்டாம் கான்ஸ்டாண்டிநோபிள் சங்கம் ‘எப்போதும் கன்னி’ என்ற சொல்லையே எழுதியது. லூத்தரும் அப்படித்தான் நம்பினார் என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. சரி, சகோதரர்? தமிழ்ப் பிள்ளைக்கு இது எளிது. ‘உனக்கு எத்தனை அண்ணன்?’ என்று கேளுங்கள். பெரியப்பா மகன், சித்தி மகன் எல்லாரையும் சேர்த்து ஏழு என்பான். கூடப் பிறந்தவன் ஒருவன்கூட இருக்க மாட்டான். மாற்கு 6ஆம் அதிகாரத்தில் இயேசுவின் சகோதரர் என்று யாக்கோபு, யோசே பெயர் வருகிறது. 15ஆம் அதிகாரத்தில் தொலைவில் நின்று சிலுவையைப் பார்த்த வேறொரு மரியா, சின்ன யாக்கோபு, யோசே ஆகியோரின் தாய் எனப்படுகிறார். இந்த வாதத்தை நான்காம் நூற்றாண்டிலேயே புனித எரோணிமுஸ் எழுதிவைத்தார். சூசையப்பரின் முதல் தாரத்துப் பிள்ளைகள் என்று கீழைத் திருச்சபைகளில் ஒரு மரபும் உண்டு. ஆனால் கெட்டிக்காரப் பிள்ளை, ‘கிரேக்கத்துல சித்தப்பா மகனுக்குத் தனிச் சொல் இல்லையா?’ என்று கேட்டால், உண்டு, பவுல் ஒரு இடத்தில் பயன்படுத்துகிறார் என்று ஒத்துக்கொள்ளுங்கள். இயேசுவும் அவர் சொந்தக்காரர்களும் வீட்டில் பேசிய அரமேயத்தில் நம் தமிழ்போல ஒரே சொல் இருந்தது, அந்தப் பேச்சு கிரேக்கத்துக்குள் வந்துவிட்டது என்பது நம் பக்கத்து விளக்கம். இயேசு சிலுவையில் தொங்கும்போது தாயைச் சீடரிடம் ஒப்படைத்தாரே, கூடப் பிறந்தவர்கள் இருந்தால் நம் ஊரில் அப்படி நடக்குமா என்று கேட்டால் பிள்ளைகளே தலையாட்டுவார்கள். பெரியம்மா வீட்டில் போய்ச் சண்டை போடாதே என்றும் சொல்லி அனுப்புங்கள்.

எசாயா 7:14க்கும் தயாராக இருங்கள். பழைய மொழிபெயர்ப்பில் ‘கன்னிகை’. நாம் வாசிக்கிற பொது மொழிபெயர்ப்பில் ‘கருவுற்றிருக்கும் அந்த இளம்பெண்’. பிள்ளைகள் இரண்டு பைபிளையும் வைத்துக்கொண்டு கண்டுபிடித்துவிடுவார்கள். எபிரேயத்தில் ‘அல்மா’, அதாவது இளம்பெண். கிறிஸ்துவுக்கு முன்னாலேயே யூதர்கள் கிரேக்கத்தில் மொழிபெயர்த்தபோது ‘பார்த்தெனோஸ்’, கன்னி என்று போட்டார்கள். மத்தேயு அதை எடுத்தாண்டார். லூக்கா இந்த வசனத்தை மேற்கோள் காட்டாமலே மரியா கன்னி என்கிறார். ஒரு வசனத்தின் ஒரு சொல்லில் தொங்குகிற நம்பிக்கை அல்ல இது.

பிரசவ நேரத்திலும் கன்னிமை குலையவில்லை என்பதும் திருச்சபையின் போதனைதான். கண்ணாடியைக் கடந்து வருகிற வெயில் என்ற பழைய உவமையைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். உடற்கூறு விளக்கத்துக்குள் இறங்குவது வகுப்புக்கும் நல்லதில்லை, மாதாவுக்கும் மரியாதையில்லை.

கடைசிப் பத்து நிமிடத்துக்கு இரண்டு வேலை வைத்திருக்கிறேன். ஒன்று, மார்ச் 25லிருந்து டிசம்பர் 25 வரை விரல்விட்டு எண்ணச் சொல்வது. ஒன்பது மாதம். கபிரியேல் தூதுரைத்த திருநாள் எங்கே இருக்கிறது என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். அந்தத் தூதுரையை நினைத்துக் காலை, மதியம், மாலை சொல்கிற பழைய மூவேளை செபத்தில் ‘இஸ்பிரீத்து சாந்து’ என்று ஆச்சி சொல்வதை ஒருமுறை சொல்லிக் காட்டுவேன். தூய ஆவிக்குப் போர்ச்சுகீசியர் கொண்டுவந்த பெயர் அது. கடற்கரைப் பிள்ளைகள் மட்டும் சிரிக்க மாட்டார்கள், அவர்கள் வீட்டுப் பாட்டிமார் இன்னும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

இன்னொன்று, பூசையில் நம்பிக்கை அறிக்கை சொல்லும்போது அந்த வரி வந்ததும் தலை வணங்கப் பழக்குவது. திருச்சபை ஒழுங்கில் அப்படித்தான் இருக்கிறது. நாம்தான் நேராக நின்றுகொண்டு கடந்துபோகிறோம். கிறிஸ்துமஸன்றும் மார்ச் 25 அன்றும் முழங்காலே போட வேண்டும். இதை வகுப்பில் மட்டும் சொன்னால் போதாது. பாடகர் குழுவிடமும் முந்தின நாளே சொல்லி வையுங்கள். அவர்கள் அந்த வரியை வேகமாகப் பாடித் தாண்டிவிட்டால், பிள்ளைகள் பாதி முழங்கால் போட்டும் பாதி நின்றுகொண்டும் முழிப்பார்கள். கோயில் வேலைகளைப் பார்க்கிற கோயில்பிள்ளையிடம் கேட்டு முன்பக்கம் இரண்டு பாய் விரித்துவிடுங்கள். நடுச்சாமத்துக்கு அந்தத் தரை சில்லென்று இருக்கும்.